மணமேல்குடி மண்ணுக்கடியில் எண்ணெய் இருக்கிறதா? வள மதிப்பீட்டை விவசாயிகள் எப்படிப் படிக்க வேண்டும்?

'காவிரிப் படுகையில் கோடிக்கணக்கான டன் எண்ணெய் வளம்' என்று செய்தி வந்தால் போதும், கடற்கரையோர ஊர்களில் இரண்டு விதமான பேச்சு கிளம்பிவிடும். நிலம் பறிபோகப் போகிறது என்பது ஒன்று. கம்பெனி வருகிறது, இப்போதே இடத்தை வாங்கிப் போட்டால் பிறகு பல மடங்கு கிடைக்கும் என்பது இன்னொன்று. இரண்டுமே, செய்தியில் வந்த அந்த எண்ணைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வருபவை. அந்த எண் எப்படிப் பிறக்கிறது, அது உங்கள் சர்வே எண்ணைத் தொடுமா, தொட்டால் என்ன கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் உங்கள் நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது?

போர் போட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். புதுக்கோட்டைக்கு மேற்கே நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலைப் பக்கம் கருங்கல் தரைக்கு மேலேயே நிற்கிறது. அங்கே போர் போட்டால் சில பத்து அடிகளிலேயே பாறை தட்டும். அதே மாவட்டத்தில் கிழக்கே வர வர, ஆவுடையார்கோவில், மணமேல்குடி வரும்போது மணலும் களியும் மாறி மாறி வருமே தவிர, கருங்கல் கண்ணில் படாது. பாறை இல்லை என்று அர்த்தமில்லை. அதே கருங்கல் இங்கே வெகு ஆழத்துக்கு இறங்கிப் போய்விட்டது. அதன் மேல் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மணல், களி, சுண்ணாம்பு என்று அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கிறது. இப்படிப் படிவுகள் நிரம்பிய பெரும் பள்ளத்தைத்தான் படிவுப் படுகை என்கிறார்கள்.

பழங்காலத்தில் இந்தியாவும் இலங்கையும் அண்டார்டிகாவும் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்தன. அது விரிசல் விட்டுப் பிரிந்தபோது, வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்ட பள்ளங்களும், பள்ளங்களுக்கு நடுவே வரப்பு போன்ற பாறை மேடுகளும் உண்டாயின. அரியலூர்–புதுச்சேரி, தஞ்சாவூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்று இந்தப் பள்ளங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பட்டுக்கோட்டை–மன்னார்குடி மேட்டுக்குத் தெற்கே இருப்பது ராமநாதபுரம்–பாக் விரிகுடாப் பள்ளம். மணமேல்குடிக் கடற்கரை இந்தப் பள்ளத்தின் பக்கம்தான் வருகிறது. பள்ளம் கடற்கரையோடு நின்றுவிடவில்லை. பாக் விரிகுடாவின் அடியே இலங்கை வரை போகிறது. மன்னார் தீவில் பேசாலை என்ற ஊரில் 1970களிலேயே எண்ணெய் தேடித் துளையிட்டார்கள். விற்கும் அளவுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஆக, 'காவிரிப் படுகை' என்று எண்ணெய்க்காரர்கள் சொல்வதும் விவசாயிகள் சொல்வதும் ஒன்றல்ல. நமக்குக் காவிரிப் படுகை என்றால் ஆற்றுத் தண்ணீர் பாயும் நிலம். அவர்களுக்கு அது புதுச்சேரியிலிருந்து மன்னார் வளைகுடா வரை, நிலத்தையும் ஆழ்கடலையும் சேர்த்த பெரும்பரப்பு. செய்தியில் வரும் பெரிய எண்ணில் கடலுக்கடியில் இருப்பதாகக் கணிக்கப்படுவதும் அடங்கும் என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

எண்ணெய் சேர எத்தனை சங்கதிகள் கூடிவர வேண்டும்?

எண்ணெய் பூமிக்கடியில் ஏரி போலத் தளும்பிக் கிடப்பதில்லை. நுண்துளை உள்ள மணற்பாறைக்குள், ஈரமணலில் தண்ணீர் இருப்பதுபோல இருக்கிறது. அது அங்கே வந்து சேர ஒரு சங்கிலியே வேண்டும்.

முதலில் மூலப்பாறை. உயிர்ச்சத்து மிகுந்த கருங்களிப் படிவு அது. காவிரிப் படுகையில் ஆண்டிமடம் படிவும், சாத்தப்பாடி ஷேல் என்ற களிப்பாறையும் முக்கிய மூலப்பாறைகள். சாத்தப்பாடி நமக்குக் கண்ணில் படாத ஆழத்தில் இருந்தாலும், ஏறக்குறைய அதே காலத்துக் களிப்படிவு பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தில் தரைக்கு மேலேயே தெரிகிறது. நத்தை போலச் சுருண்ட கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைக்கும் அந்தச் செம்மண் ஓடைக்காட்டைப் பார்த்தவர்களுக்கு, கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருந்தது என்பது புரியும்.

இந்த மூலப்பாறை போதிய ஆழத்துக்குப் புதைந்து சூடேற வேண்டும். சுமார் 60 முதல் 120 டிகிரி வரை சூடானால் எண்ணெய் பிறக்கும். அதற்கும் மேல் போனால் பெரும்பாலும் வாயுதான். காரையில் இருப்பதுபோல மேலேயே இருந்துவிட்டால் வேகாத சோறு மாதிரி, எண்ணெய் இல்லை. பிறந்த எண்ணெயைத் தாங்க நுண்துளையுள்ள தேக்கப்பாறை வேண்டும். காவிரிப் படுகையில் புவனகிரி, நன்னிலம், கமலாபுரம் என்று நம்மூர்ப் பெயர்களையே அந்த மணற்பாறை அடுக்குகளுக்கு வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் வெடிப்பு விட்ட அடிக் கருங்கல்லே தேக்கப்பாறையாக இருக்கிறது. மேலே கசியாமல் தடுக்க மூடுபாறை வேண்டும். பக்கவாட்டில் நழுவாமல் பிடித்து வைக்கக் கவிழ்த்த சட்டி போன்ற அமைப்பு வேண்டும். அந்தச் சட்டி, எண்ணெய் கிளம்பி வருவதற்கு முன்பே உருவாகியிருக்க வேண்டும். பிறகு உருவாகியிருந்தால் பயனில்லை, சரக்கு ஏற்கெனவே போயிருக்கும்.

கடைமடையில் சம்பா எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. மேட்டூரில் தண்ணீர் இருக்க வேண்டும், கல்லணைக் கால்வாயில் அது மும்பாலை வரை வந்து சேர வேண்டும், விதை முளைக்க வேண்டும், ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் மூழ்கடிக்கக் கூடாது. நான்கும் நடந்தால்தான் விளைச்சல். ஒன்று தவறினாலும் மற்ற மூன்றால் பயனில்லை. எண்ணெய்க் கணக்கும் அப்படித்தான். உதாரணத்துக்கு, ஓர் இடத்தில் மூலப்பாறை சரியாக இருக்க நூற்றுக்கு 70, தேக்கப்பாறைக்கு 60, மூடுபாறைக்கு 80, சட்டி அமைப்புக்கு 50 என்று வாய்ப்பு வைத்தால், எல்லாம் கூடிவரும் வாய்ப்பு நூற்றுக்கு 17தான். தனித்தனியே பார்த்தால் நல்ல வாய்ப்புகள். பெருக்கினால் ஆறு கிணற்றில் ஒன்று.

இந்த வாய்ப்பையும், கிடைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்ற ஊகத்தையும் சேர்த்துத்தான் 'கண்டறியப்படாத வளம்' கணக்கிடப்படுகிறது. அதனால் ஒழுங்கான மதிப்பீடு ஒற்றை எண்ணாக வராது. 'குறைந்தது இவ்வளவு இருக்க நூற்றுக்கு 95 வாய்ப்பு, இவ்வளவு பெரிதாக இருக்க நூற்றுக்கு 5 வாய்ப்பு, சராசரி இது' என்று வரும். செய்தியில் வரும்போது சராசரி மட்டுமே மிஞ்சும். சில நேரம் அதுவும் போய், பெரிய எண் மட்டும் தலைப்பாகிவிடும்.

ஒரே பாறைக்கு மூன்று எண்கள்

காவிரிப் படுகையின் ஷேல் வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2011இல் வெளியிட்ட அறிக்கையில், இங்கே பாறைக்குள் இருப்பது 43 லட்சம் கோடி கன அடி, அதில் எடுக்கக் கூடியது 9 லட்சம் கோடி கன அடி என்றது. அதே நிறுவனம் 2013இல் மறுபடி கணக்கிட்டு, இருப்பது 30, எடுக்கக் கூடியது 5 என்று குறைத்தது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு மதிப்பீடோ, மும்பை, காவிரி, கிருஷ்ணா–கோதாவரி மூன்று பகுதிகளுக்கும் சேர்த்தே சராசரி 6.1 லட்சம் கோடி கன அடிதான் என்றது. இரண்டு ஆண்டில் பாறை மாறிவிடவில்லை. கணக்குப் போட்ட முறையும் கையிலிருந்த தரவும்தான் வேறு.

இந்தியாவின் சொந்த மறுமதிப்பீடு 2017இல் முடிந்தது. நாட்டின் 26 படுகைகளுக்கும் சேர்த்து, எண்ணெய்க்குச் சமமாகக் கணக்கிட்டு 4,187 கோடி டன் என்றார்கள். அதற்கு முந்தைய மதிப்பீடு 2,808 கோடி டன். காவிரிப் படுகையின் பங்கு ஏறத்தாழ 200 கோடி டன். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் இது பாறைக்குள் 'இருக்கலாம்' என்ற கணக்கு. மேலே எடுத்துவர முடிவது அதில் ஒரு பகுதி. இன்றைய விலைக்குக் கட்டுப்படியாவது அதிலும் ஒரு பகுதி. கையிருப்பு என்று கம்பெனிகள் சொல்வது அந்தக் கடைசிப் பகுதியைத்தான். மூன்றையும் ஒரே சொல்லாக எழுதும் செய்தியை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

கண்டுபிடித்த பிறகும் கதை முடிவதில்லை. மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கம் கெய்ர்ன் நிறுவனம் 2011இல் மூன்று கிணறுகள் தோண்டியது. இரண்டில் வாயு கிடைத்தது, ஒன்று வறண்டது. கிடைத்த அந்த இரண்டிலிருந்தும் வணிக உற்பத்தி தொடங்காமலேயே நிறுவனம் வெளியேறியது. இந்தப் பக்கம் நரிமணத்திலும் கோவில்களப்பாலிலும் எண்ணெய் வயல்கள் வந்தன. ராமநாதபுரம் மாவட்டத்து எரிவாயு வழுதூர் மின்நிலையத்துக்குப் போகிறது. ஒரே படுகையில் இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது.

மீத்தேன், ஷேல், ஹைட்ரோகார்பன்: மூன்றும் ஒன்றா?

இல்லை. எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் இதைக் கலந்து பேசுகிறார்கள். மன்னார்குடியில் பேசப்பட்ட மீத்தேன் திட்டம் பழுப்பு நிலக்கரிப் படிவிலிருந்து வாயு எடுப்பது. அதற்கு அந்தப் படிவிலுள்ள நீரை இறைத்து வெளியேற்றியாக வேண்டும். விவசாயிக்கு நேரடிக் கவலை அந்த நீர்தான். ஷேல் வாயு என்பது மூலப்பாறையையே அதிக அழுத்தத்தில் நீர், மணல், ரசாயனம் செலுத்தி உடைத்து எடுப்பது. ஒரு கிணற்றுக்கே ஏராளமான நீர் வேண்டும். நெடுவாசல், 'கண்டுபிடிக்கப்பட்ட சிறு வயல்கள்' ஏலத்தில் வந்தது. 2017 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பட்டியலில் அதுவும் இருந்தது. ஓ.என்.ஜி.சி. முன்பே துளையிட்டு வளம் கண்ட, சுமார் 10 சதுர கிலோமீட்டர் பரப்பு அது. மக்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். பணி தொடங்கவே இல்லை.

உங்கள் ஊருக்கு ஏதாவது திட்டம் என்று கேள்விப்பட்டால், இந்த மூன்றில் எது என்பதை முதலில் கேளுங்கள். ஆபத்தும் கேள்விகளும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

மணமேல்குடிக்குச் சட்டத்தில் என்ன பாதுகாப்பு?

தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் 2020 பிப்ரவரியில் நிறைவேறியது. டெல்டா மாவட்டங்களோடு, புதுக்கோட்டை மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்களும் அதில் சேர்க்கப்பட்டன: அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி. இந்த எல்லைக்குள் எண்ணெய், எரிவாயு, ஷேல், நிலக்கரிப் படிவு மீத்தேன் ஆகியவற்றுக்கான புதிய ஆய்வு, துளையிடுதல், எடுத்தல் மூன்றுக்கும் தடை. சட்டத்தில் 'ஆய்வு' என்ற சொல்லும் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் இதன் ஓட்டைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த திட்டங்களை அது தொடவில்லை. குழாய்ப்பாதை, துறைமுகம், சாலை போன்ற உள்கட்டமைப்புப் பணிகளுக்கு விலக்கு உண்டு. பட்டியலில் இருப்பவை நிலப்பகுதி ஒன்றியங்கள், கடல் அல்ல. தெற்கே ராமநாதபுரமும் சிவகங்கையும் மண்டலத்திலேயே இல்லை. பாறைப்பள்ளத்துக்கு ஒன்றிய எல்லை தெரியாது. 2025இல் ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு ஓ.என்.ஜி.சி.க்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெறும்படி மாநில அரசு அறிவுறுத்தியது. அதே பள்ளம், பக்கத்து மாவட்டம். நடந்த விதமோ வேறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020 ஜனவரி 16 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கைப்படி, ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை. உற்பத்திக் கிணறுகளுக்குத்தான் அது. 'கூட்டம் போடும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று காத்திருந்தால், ஆய்வுக் கட்டத்தில் அப்படி ஒரு கூட்டமே வராது. இது சரியல்ல என்பது என் கருத்து. முதல் துளை விழும் நிலத்துக்காரருக்கு அது ஆய்வா உற்பத்தியா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை.

எண்ணெய் கிடைத்தால் நிலத்துக்காரருக்குப் பங்கு உண்டா?

இல்லை. அமெரிக்காவில் நிலத்துக்காரருக்கே அடியிலுள்ள எண்ணெய் சொந்தமாக இருக்கலாம். இந்தியாவில் நிலம் உங்களுடையது, அடியிலுள்ள பெட்ரோலியம் அரசுடையது. நிலப்பகுதியில் எடுக்கும் எண்ணெய்க்கான உரிமத்தொகை மாநில அரசுக்குப் போகிறது. உங்களுக்கு வருவது மேற்பரப்புக்கான குத்தகையோ இழப்பீடோ, பயிர்ச் சேதத்துக்கான தொகையோதான். எண்ணெய் வரும் என்று கூடுதல் விலை கொடுத்து நிலம் வாங்குபவர் இதைத் தெரியாமல் வாங்குகிறார். அதையே காரணம் காட்டி உங்களிடம் அவசரமாக விற்கச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

வயலுக்கு யாராவது வந்தால்

பெரும்பாலும் முதலில் வருவது நில அதிர்வு ஆய்வுக் குழு. வரிசையாகச் சிறு துளைகள் போட்டு, அதில் சிறிய வெடி வைத்தோ, அல்லது அதிர்வு தரும் லாரியைக் கொண்டோ நிலத்தை அதிரச் செய்வார்கள். பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலையைக் கம்பியில் கோத்த கருவிகள் பதிவு செய்யும். எண்ணெய் எதையும் எடுப்பதில்லை. கவிழ்த்த சட்டி எங்கே இருக்கிறது என்று படம் பிடிக்கும் வேலை இது. பயிருக்கும் வரப்புக்கும் சேதம் வரலாம். துளையை ஒழுங்காக மூடாமல் போனால் ஆடுமாட்டுக்கும் ஆபத்து.

எந்த நிறுவனம், எந்த உரிமம், எந்த சர்வே எண்கள், ஆய்வா கிணறா என்று எழுத்தில் கேளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி உண்டென்றால் அதன் எண்ணைக் கேட்டு, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பாருங்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வெற்றுத் தாளிலோ, படித்துப் பார்க்காத ஒப்பந்தத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். வரப்பு, பயிர், கிணற்றுச் சுவர் ஆகியவற்றைத் தேதி தெரியும்படி செல்போனில் படம் எடுத்து வையுங்கள். மணமேல்குடி ஒன்றியம் பாதுகாக்கப்பட்ட மண்டலம் என்பதைக் குறிப்பிட்டு, வட்டாட்சியருக்கும் வேளாண்மை உதவி இயக்குநருக்கும் மனு கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

யாரும் வராவிட்டாலும் செய்ய வேண்டிய ஒரு வேலை

கிணற்று நீரைச் சோதித்து வையுங்கள். கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருக்கும் மணமேல்குடி வட்டாரத்தில், நிலத்தடி நீர் உப்பாக எண்ணெய்க் கிணறு தேவையே இல்லை. மழை குறைந்த ஆண்டில் மோட்டாரை அதிகம் ஓட்டினாலே கடல்நீர் உள்ளே வரும். இறால் பண்ணைகளும் காரணமாகலாம். நாளைக்கு அருகில் ஏதாவது துளையிட்டு, அதன் பிறகு உப்பு ஏறினால், எதனால் ஏறியது என்று நிரூபிக்க முந்தைய அளவு உங்கள் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'இது முன்பே உப்புத் தண்ணீர்தான்' என்ற ஒரே பதிலில் உங்கள் புகார் முடிந்துவிடும்.

எண்ணெய் அடுக்குகள் பொதுவாக ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கும் கீழே இருக்கின்றன. உங்கள் ஆழ்துளைக் கிணறு அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் எண்ணெய்க் கிணறு உங்கள் நீர் அடுக்கைத் துளைத்துக்கொண்டுதான் கீழே போக வேண்டும். அங்கே இரும்புக் குழாயும் அதைச் சுற்றிய சிமென்ட்டும்தான் காப்பு. எண்ணெயோடு மேலே வரும் உப்புநீரை எங்கே விடுகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டையும்தான் விடாமல் கேட்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் முறை எளிது. மோட்டாரைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி நிரப்புங்கள். பெயர், சர்வே எண், கிணற்றின் ஆழம், தேதி எழுதி ஒட்டி, வேளாண்மைத் துறையின் மண் மற்றும் நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மின்கடத்து திறன், கார அமில நிலை, சோடியம், குளோரைடு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். மின்கடத்து திறன் 0.7 டெசிசீமன் வரை பாசனத்துக்குக் கவலையில்லை, 0.7 முதல் 3 வரை கவனம் தேவை, 3க்கு மேல் பல பயிர்களுக்குக் கடினம். நெல்லுக்கு வேர்ப்பகுதி மண்ணின் உப்பு 3ஐத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். தென்னை ஓரளவு தாங்கும்.

கோடையில் மே மாதம் ஒரு முறையும், வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒரு முறையும் எடுத்தால் உங்கள் கிணற்றின் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும். ஊரில் பத்துப் பேர் சேர்ந்து, கடலுக்கு அருகே சில கிணறுகள், உள்ளே தள்ளிச் சில கிணறுகள் என்று பிரித்து எடுத்தால் இன்னும் நல்லது. அறிக்கையின் ஒரு நகலை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.